ரேவதி ஒட்டிவிட்ட மஞ்சள் பட்டை

ரேவதி சகாதேவனுக்குத் தர வேண்டிய கடன் அறுபதாயிரம் ரூபாய். செங்கம் ரோட்டில் அவர் நடத்தும் லாட்ஜில் அறை பெருக்கும் சரசுவின் மகள் அவள். கீழ்பென்னாத்தூரில் பிளஸ் டூ முடித்துவிட்டு, அவசர சிகிச்சைப் படிப்பில் சேரப் பணமில்லாமல் நின்றபோது அவர் கொடுத்தது. வேலைக்குப் போனதும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மொத்தத்தையும் சேர்த்து எடுத்து வந்தாள். சகாதேவன் வாங்கவில்லை.

"இருக்கட்டும்மா, எங்க ஓடிடப் போற?"

மறுபடியும் வந்தாள். மறுபடியும் அதே பதில்.

வட்டி ஆசையெல்லாம் இல்லை. அஞ்சாங்கிளாஸ் தாண்டாத மனுஷன்; மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டை தூக்கி, டீக்கடை போட்டு, மூணு மாடி எழுப்பியவர். இந்த ஊரில் வேறு யார் எழுப்பினார்கள், சொல்லுங்கள்? அப்படிப்பட்டவர், "எமர்ஜென்சியில இருக்குதே அந்தப் பொண்ணு, என் காசுல படிச்சது" என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளும் சுகத்தை அறுபதாயிரத்துக்கு விற்றுவிடுவாரா?

போன பௌர்ணமிக்கு மறுநாள் காலை, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஏறியவர் ஈரப் படியில் வழுக்கி நெற்றியை உடைத்துக்கொண்டார். சட்டை முழுக்க ரத்தம். வேங்கிக்காலில் ரேவதி இருக்கும் ஆஸ்பத்திரிக்கே ஆட்டோவை விடச் சொன்னார். நம்ம பொண்ணு இருக்கும்போது என்ன கவலை?

உள்ளே கூட்டம். ராத்திரி முழுக்க கிரிவலம் நடந்து கால் வீங்கினவர்கள், மயங்கினவர்கள். ரேவதி ஓடி வந்தாள். கண்ணில் டார்ச் அடித்தாள், நாடி பார்த்தாள், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாள்.

"என்னையே கிழமை கேக்கறியா?"

"சொல்லுங்க ஐயா."

சொன்னார். காயத்தில் துணி வைத்து இறுக்கிக் கட்டி, மணிக்கட்டில் ஒரு மஞ்சள் பட்டையை ஒட்டினாள்.

"மஞ்சள்னா?"

"கொஞ்சம் பொறுக்கலாம்னு அர்த்தங்க. சிவப்பு வந்தா அவங்க முதல்ல."

"வலி உயிர் போகுது. ஒரு ஊசியாவது போடு."

"டாக்டர் சொல்லாம நான் மருந்து தொடக்கூடாதுங்க. இங்க அதான் ரூல்."

இருந்த ஒரே டாக்டர் இளஞ்செழியன் தையல் போட இவர் பக்கம் வரும்போதுதான் பூக்கடை வைத்திருக்கும் மணி உள்ளே நடந்து வந்தார். உடம்பில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. தாடையைத் தடவிக்கொண்டு, "பல்லு வலின்னு நெனைக்கிறேன்" என்றார். முகம் மட்டும் வேர்த்துக் கொட்டியது.

ரேவதி அந்த முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். அவரைப் படுக்கவைத்து, கையில் சிவப்புப் பட்டை ஒட்டினாள். "சார், முதல்ல இங்க வாங்க!"

டாக்டர் திரும்பினார். சகாதேவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பல்லு வலிக்காரன் எனக்கு முன்னாடியா? யார் காசுல படிச்சேன்னு ஞாபகம் இருக்கா?"

கூட்டமே திரும்பிப் பார்த்தது. மணியின் நெஞ்சில் ஒயர் ஒட்டிக்கொண்டிருந்த ரேவதி நிமிரவில்லை. "நல்லா ஞாபகம் இருக்குங்க ஐயா. உக்காருங்க."

அப்போதே மணியின் கண் செருகியது, தலை சாய்ந்தது. டாக்டர் நெஞ்சுக்கு ஷாக் கொடுக்கும் மின்சாரக் கருவியை இழுப்பதற்குள் ரேவதி நெஞ்சை அமுக்க ஆரம்பித்துவிட்டாள். மருந்துக்குத்தான் டாக்டர் வாய் திறக்க வேண்டும். நின்றுபோன நெஞ்சை அமுக்க யார் உத்தரவும் வேண்டாம். அதுவும் ரூல்தான்.

சகாதேவன் தூக்காத மூட்டையா? பார்க்காத பலமா? ஆனால் இப்படி ஒன்றை அவர் ஜென்மத்தில் பார்த்ததில்லை. லாட்ஜ் குழாயடியில் டம்ளர் கழுவின குச்சிக் கை இரண்டும் ஒரு ஆளின் உயிரைப் போகவிடாமல் உள்ளேயே தள்ளிக்கொண்டிருந்தன. நிற்கவில்லை, தளரவில்லை. "விலகு" என்றார் டாக்டர். கருவி ஒரு உலுக்கு உலுக்கியது. மறுபடியும் ரேவதி. மறுபடியும் ஒரு உலுக்கு.

மணி மூச்சு இழுத்தார். கண் திறந்து, "பூ வெயில்ல கெடக்குது" என்றார்.

யாரோ சிரித்தார்கள், யாரோ அழுதார்கள். தான் எழுந்து நிற்பதே சகாதேவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. தன் கடனுக்கு அந்தப் பொண்ணு ஒரு நொடி பயந்திருந்தால்?  அவள் சொன்னபடியே உட்கார்ந்தார். அவருக்கு அது புதுசு.

தையல் பிரிக்கும் நாளன்று, கடன் பணத்தை எடுத்து வரச்சொல்லி ரேவதிக்கு சரசுவிடம் சொல்லி அனுப்பினார். ஆஸ்பத்திரிக்குள் யாரிடமும் பணம் கைமாறக்கூடாது என்றாள் ரேவதி. சரி என்று வெளியே டீக்கடைக்கு நடந்தார்.

"நெஜமா வாங்கிக்கறீங்களா ஐயா?"

"எண்ணிக் குடு. ஒத்த ரூபா கம்மியா இருக்கக்கூடாது."

கையை விரித்து நீட்டினார். ரேவதி ஒவ்வொரு நோட்டாக எண்ணி, அந்தக் காய்த்துப்போன உள்ளங்கையில் வைத்தாள்.