சுமட்டுக்கு வழி

என் கணவர் வளைகுடா வேலையை விட்டு வரும்போது ஒரு கியர் சைக்கிளைப் பிரித்து, அட்டைப்பெட்டியில் கட்டிக் கொண்டுவந்தார். மலைப்பாதையில் ஓட்டுவதற்கென்றே செய்தது. ஸ்டாண்ட் இல்லை, கேரியர் இல்லை, மணியும் கிடையாது. "இதுல ஒரு குலை தேங்காயாவது கொண்டு வர முடியுமா?" என்று கருங்கல் ஊர்ச் சந்தையில் கேலி செய்தார்கள். மனிதர் சிரித்துக்கொண்டே பக்கத்து ஊரான புதுக்கடைக்குப் போய் ஒரு மணி வாங்கி மாட்டினார்.

எங்கள் வீடு ரப்பர் தோட்டத்துக்கு மேலே. தார்ச்சாலைக்கு இறங்க ஒரே ஒரு செம்மண் பாதை. ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள், புல் அறுக்கிறவர்கள், மரச்சீனிக் கிழங்கு சுமக்கிறவர்கள் எல்லாருக்கும் அதுதான் வழி. அங்கே யாரும் எழுதி வைக்காத ஒரு நியாயம் உண்டு. தலையில் சுமடு இருப்பவருக்கு மேட்டுப் பக்கம். வெறுங்கையோடு வருபவர் பள்ளத்துப் பக்கம் ஒதுங்க வேண்டும்.

என் கணவர் அதைப் பிசகாமல் கடைப்பிடித்தார். வளைவுக்கு முன்னால் மணி அடிப்பார். சுமட்டுக்காரிக்குப் பின்னால் மட்டும் அடிக்க மாட்டார், அவள் திடுக்கிட்டுக் கழுத்தைத் திருப்பினால் மூட்டை சரியும் என்று. இறங்கி, குரல் கொடுத்து, உருட்டிக்கொண்டு போவார். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அந்த ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலையில் பக்கத்து வீட்டுக்காரி மரச்சீனி மூட்டையோடு எதிரே ஏறி வந்தாள். அவர் வழக்கம்போல இறங்கிப் பள்ளத்து ஓரம் நின்றார். வெறும் ஆளைத் தாங்கியிருக்குமோ என்னவோ, ஆளையும் சைக்கிளையும் சேர்த்து ஊறிய மண் தாங்கவில்லை. கீழே பாறை. முதுகெலும்பு.

இனி நடக்க மாட்டார் என்று டாக்டர் என்னை மட்டும் அழைத்துச் சொன்னார். நான் அழவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டதுபோல நின்றேன். அவரிடம் "நாளாகும்" என்று சொல்லிவைத்தேன். மாதங்கள் போயின. சமைத்தேன், துடைத்தேன், புரட்டிப் படுக்க வைத்தேன். எதுவும் எனக்குள் போய்ச் சேரவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் நான்கு பேர் தூக்கி இறக்குவார்கள். ஒருநாள் யாரும் கிடைக்காமல், சக்கர நாற்காலியில் நானே இறக்கினேன். சரிவு இழுத்தது. பின்னால் சாய்ந்து, பிடித்துப் பிடித்து இறங்கினேன். எதிரே அதே பக்கத்து வீட்டுக்காரி, தலையில் மூட்டை. எங்களைக் கண்டதும் சட்டென்று பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினாள்.

"ஏட்டி, மேட்டுப் பக்கம் நில்லு!" என்று அவர் கத்தினார். "சுமடு வச்சிருக்கவ எதுக்கு ஒதுங்குக?"

"அக்கா போட்டும் அண்ணே. அவியளுக்கல்லா கனம்" என்றாள் அவள், வெகு சாதாரணமாக.

அவளைத் தாண்டினோம். வளைவு வந்தது. அவர் திரும்பாமலே கேட்டார்:

"நான் இனி எழும்ப மாட்டேன், இல்லியா?"

"ஆமா" என்றேன்.

கீழே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். நான் நாற்காலியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.