மனப்பாடமாக இருந்த எண்

என் மகள் மெட்ராஸில் விடுதியில் தங்கி ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறை முடிந்து, ஏரிக்குள் தீவாக இருக்கும் எங்கள் பசியாவரத்திலிருந்து விடியற்காலைப் படகில் பழவேற்காட்டுக்குப் போனாள். எங்கள் படகு கரைசேரும்போது முதல் பஸ் போயிருக்கும். எப்போதும் இரண்டாவது பஸ்தான். அன்று மதியம், இரண்டாவது பஸ் கால்வாயில் கவிழ்ந்துவிட்டது, அடிபட்டவர்களை லாரியில் பட்டணத்துக்கு ஏற்றிப் போய்விட்டார்கள் என்று கரையில் பேசிக்கொண்டார்கள். யார் யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

நானும் என் கணவரும் படகேறிப் பழவேற்காடு தபால் ஆபீசுக்கு ஓடினோம். விடுதியின் தொலைபேசி எண் எனக்கு மனப்பாடம். அவளைச் சேர்த்த அன்று வார்டன் அம்மா சொன்னது. அர்ஜென்ட் டிரங்க் கால் போடச் சொன்னேன்.

லைன் கிடைத்தது. எடுத்தவர் ஓர் ஆண். விடுதியா என்று கேட்டேன். ராங் நம்பர் என்று வைத்துவிட்டார். எக்ஸ்சேஞ்ச் பெண் தப்பாகப் போட்டுவிட்டாள் என்று நினைத்து மறுபடி போடச் சொன்னேன். அதே குரல்.

"அம்மா, இது அரிசி மண்டி. பொண்ணுங்க யாரும் இல்ல. அரிசி வேணும்னா சொல்லுங்க, அனுப்புறேன்."

கணவர் என் தோளைத் தட்டி, "இன்னாமே சொல்றான்?" என்றார். அரிசி மண்டியாம் என்றேன். அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு வெளியே போய் நின்றார்.

போஸ்ட் மாஸ்டர் லைனில்தான் கோளாறு என்றார். சோதிப்பதற்காக மெட்ராஸில் இருக்கும் தன் தம்பியின் ஆபீசைக் கூப்பிட்டார். தம்பி தெளிவாகப் பேசினார். ஆக, லைன் சரி. எக்ஸ்சேஞ்ச் பெண்ணை ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். நான் சொன்னதைத்தான் போட்டிருந்தாள். எண்ணும் மாறவில்லை, லைனும் கெடவில்லை. விடுதி மட்டும் எங்கோ போயிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஏரியில் பாடு முறை உண்டு. இன்று ஒரு குடும்பம் வலை கட்டும் இடத்தில், முறை மாறினால் நாளை வேறு குடும்பம் கட்டும். போன முறை நின்ற இடத்துக்குப் போய் ஆளைத் தேடி யாரும் கூப்பிட மாட்டோம். இன்றைக்கு அவனுக்கு எந்தப் பாடு என்று கேட்டுவிட்டுத்தான் படகைத் தள்ளுவோம். தொலைபேசி எண் மட்டும் சாகும்வரை ஒருவருக்கே சொந்தம் என்று நான் எப்படி நம்பினேன்?

எண்ணை விடுங்கள், விடுதியின் பெயரைச் சொல்லி மெட்ராஸ் டெலிபோன் விசாரணையில் கேளுங்கள் என்றேன். கடைசியில் பதில் வந்தது. அந்தப் பகுதியில் எண்களை எல்லாம் மாற்றிவிட்டார்களாம். விடுதிக்குப் புது எண், பழைய எண் மண்டிக்கு.

புது எண்ணில் வார்டன் அம்மாவே எடுத்தார். என் மகள் மாடியிலிருந்து இறங்கி வரும் செருப்புச் சத்தம் கேட்டது.

"யம்மா, ஏன் இப்டி கத்துற? காத்து நல்லா இருந்துச்சு, படகு சீக்கிரம் சேந்துட்டுது. மொத பஸ்ஸே கெடச்சிட்டுது."

பஸ் கவிழ்ந்ததே அவளுக்குத் தெரியாது. வெளியே நின்றவரைக் கூப்பிட்டு ரிசீவரைக் கொடுத்தேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்தார். போஸ்ட் மாஸ்டர் திருப்பி வைத்தார்.

"சாப்ட்டியா?" என்றார்.

"சாப்ட்டேன் நைனா."

"இன்னா கொழம்பு?"

அவள் "சாம்பா..." என்று சொல்லி முடிப்பதற்குள் நேரம் முடிந்து லைன் அறுந்தது. அவர் ரிசீவரை வைக்காமல் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தார். பிறகு, சாம்பாராம் என்றார், ஊருக்கே சொல்வதுபோல.

இப்போதும் அவளைக் கூப்பிடப் போனால், அந்த எண் இன்னும் விடுதிக்குத்தானா என்று முதலில் விசாரிக்கச் சொல்கிறேன். போஸ்ட் மாஸ்டர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.