செல்லு சொன்ன வாய்

சூடம் எரிந்து அணையும்போது எழும் அந்தக் கூர்மையான வாசனை மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குக் கோயில் ஞாபகம் வரும். எனக்கு அதோடு தீய்ந்த தோலின் வாசனையும் சேர்ந்து வருகிறது. இதை எழுத வேண்டும் என்று எத்தனையோ வருடமாக உட்காருவதும், அம்மா இன்னும் உயிரோடு இருக்கிறாரே என்று எழுந்துவிடுவதுமாகக் காலம் ஓடிப்போயிற்று. அம்மா போன பிறகும் கை வரவில்லை. பெற்றவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று முருகன் சன்னதியில் பூப்போட்டுக் கேட்டேன். வெள்ளைப் பூ வந்தது. அதனால்தான் எழுதுகிறேன். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள் நான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கியிருந்த சமயம் அது. மலேசியாவில், ஈப்போவுக்கு வடக்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். என் அக்கா புஷ்பா, தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து முதன்முதலாக, கல்லூரிக்கு முந்தின ஆறாம் படிவம் போனவள். மேற்பார்வை பார்க்கிற மண்டோர் பெயர் கூப்பிடும் காலைப் பெரட்டுக்கு ஆட்கள் கூடும் முன்பே எழுந்து, சிவப்பு மண் பாதையில் நடந்து, பெரிய ரோட்டில் பஸ் பிடித்து ஈப்போவுக்குப் போவாள். அவள் எடுத்திருந்த பாடம் உயிரியல். வகுப்பில் மலாய், பழைய புத்தகங்களில் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என்று மூன்று பாஷைக்கும் நடுவில் நின்று படித்த அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது: எதைப் படித்தாலும் அதை யாருக்காவது தமிழில் சொல்லிப் பார்ப்பாள். "தமிழ்ல சொல்ல வரலைன்னா எனக்கே அது புரியலைன்னு அர்த்தம்டி" என்பாள். அந்த யாராவது பெரும்பாலும் நான்தான். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

உடம்பும் ஒரு தோட்டம் மாதிரிதான் என்று அவள் தொடங்குவாள். லயம் லயமாகச் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொரு அறைக்கும் பெயர் 'செல்லு'. அறைக்கு நடுவில் உட்கார்ந்து உத்தரவு போடுகிற நியூக்ளியஸ், தோட்டத்து ஆபீசில் இருக்கும் கணக்கர், அதாவது 'கிராணி'; சுற்றியிருக்கும் சவ்வு, தெரிந்தவனை உள்ளே விட்டுத் தெரியாதவனைக் கேட்டிலேயே நிறுத்துகிற காவல்காரன், எங்கள் வாயில் 'ஜாகா'; மைட்டோகோண்ட்ரியா எந்நேரமும் அணையாமல் எரிகிற அடுப்பு; குளோரோபிளாஸ்ட் இலைக்குள் மட்டுமே இருக்கிற, வெயிலையே விறகாக வைத்துச் சோறாக்குகிற சமையல்கட்டு. அஸ்மோசிஸ் என்ற வார்த்தை என் நாக்கில் ஏறவே இல்லை என்றபோது, அம்மா உப்புப் போட்டு வைத்திருந்த மாங்காய் ஜாடியைத் தூக்கிக் காட்டினாள்.

"பாத்தியா, நாம ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல. உப்பு எங்க அதிகமோ அங்க தண்ணி தானாவே போகும்."

"மண்டோர் வீட்டுக்கு எல்லாமே தானாப் போவுதே, அதுவும் அஸ்மோசிஸாக்கா?"

அக்கா சிரித்துச் சிரித்துப் புரையேறி, ஜாடியைக் கீழே வைத்துவிட்டு என் முதுகில் ஓர் அடி போட்டாள். அவள் அப்படிச் சிரித்த காலம் அது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தோட்டத்தில் 'செல்லு' என்றால் கரையான். மரத்தில் செல்லு ஏறிவிட்டால் மண்டோர் வந்து அடிமரத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டுப் போவார், அதை வெட்டி வேரோடு கொளுத்துவார்கள். லயத்துத் தூணில் செல்லு மண் தெரிந்தால் வீட்டுப் பெண்களுக்கு அன்று சோறு இறங்காது. அக்காவுக்கும் இது தெரியும். "இது வேற செல்லு, அது வேற செல்லு" என்று எனக்குச் சொல்லியிருக்கிறாள். பாட்டுப் போலத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகிய வாயில் அந்த வார்த்தைக்கு இருந்த பயம் தேய்ந்துபோய்விட்டது, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு ராசாத்தி அண்ணிக்குக் கல்யாணமாகிப் பல வருடம் குழந்தையில்லை. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் விரதமிருந்து, ஒரு வழியாக வயிறு திறந்திருந்தது. அக்காவிடம் அவருக்குத் தனிப் பிரியம். பள்ளி விடுமுறையில், பரீட்சைக்குச் சில வாரங்களே இருந்தபோது, லயத்துப் பைப்படியில் துணி துவைத்துக்கொண்டே அண்ணி கேட்டார்:

"ஏ புஷ்பா, எந்நேரமும் புஸ்தகமும் கையுமா இருக்கியே, என் வயித்துக்குள்ள இப்ப என்ன நடக்குதுன்னு அதுல போட்டிருக்கா?"

"போட்டிருக்கு அண்ணி. முதல்ல ஒரே ஒரு செல்லுதான். அது ரெண்டாப் பிளக்கும், ரெண்டு நாலாகும், நாலு எட்டாகும். இப்ப உங்க வயிறு பூராவும் செல்லுதான்."

"ஐயோ, செல்லா! அப்ப நான் பெறப்போறது புள்ளையாடி, கரையான் புத்தா?"

"புத்தா இருந்தா நல்லதுலா, வெள்ளிக்கிழமை எங்கயும் அலையாம இங்கயே பால் ஊத்திக்கிலாம்" என்றாள் இன்னொருத்தி. பைப்படி முழுக்கச் சிரிப்பு. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது அண்ணிதான். மண்டோர் வீட்டு அம்மா மட்டும் சிரிக்கவில்லை. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "புள்ளத்தாச்சிகிட்ட என்ன வார்த்த பேசுது பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணிக்கு மாதம் நிறையும் முன்பே வலி வந்துவிட்டது. தோட்டத்து லாரியில் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் போகிற வழியிலேயே பிறந்த ஆண் குழந்தை அழவே இல்லை. குளிப்பாட்டிய பெண்கள் திரும்பி வந்து, உடம்பு பூராவும் வெள்ளை வெள்ளையாக, செல்லு அப்பின மாதிரி இருந்தது என்றார்கள். அது குறைமாதக் குழந்தைகளின் மேல் இருக்கிற மெழுகு, ஆண்டவன் தோலுக்குப் போட்டு அனுப்பும் போர்வை என்று அக்கா சொன்னாள். யார் கேட்டார்கள்? பிற்பாடு என் மகள் பிறந்தபோது தாதி அதே வெள்ளையைத் துணியால் ஒற்றி எடுத்ததைப் பார்த்து நான் கேவிக் கேவி அழுததும், குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் அழுகிறீர்கள் என்று அவர் கேட்டதும் எனக்கு மறக்காது.

மறுநாளே பைப்படியில் அக்காவைக் கண்டால் பெண்கள் குடத்தின் வாயை முந்தானையால் மூடினார்கள். சின்னப்பிள்ளைகள், "செல்லு வருது, கதவச் சாத்து" என்று பின்னாலேயே பாடிக்கொண்டு வந்தார்கள். அக்கா அண்ணி வீட்டு வாசலுக்குப் போய் நின்றாள். கதவு கொஞ்சமாகத் திறந்தது. "போயிரு புஷ்பா. உன் முகத்தப் பாக்க முடியல" என்ற குரலோடு மூடிக்கொண்டது. அண்ணியை நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கு யாரையாவது வெறுக்க வேண்டியிருந்தது. கூடச் சேர்ந்து வெறுத்த மற்றவர்கள் எதைப் பறிகொடுத்தார்கள் என்றுதான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிறகு மாரியம்மன் கோயிலில் எங்கள் குடும்பத்தை நிறுத்திக்கொண்டார்கள். அக்கா இனி அந்தப் புத்தகத்தைத் தொடக்கூடாது, பரீட்சைக்கும் போகக்கூடாது, அதைச் சூடத்தில் அடித்துச் சத்தியம் பண்ணித் தர வேண்டும் என்பது மண்டோரின் பேச்சு. அக்கா மண்டோர் வீட்டு அம்மாவைப் பார்த்து மரியாதையாகவே சொன்னாள்: "பெரியம்மா, அது மலாய்ப் புஸ்தகத்துல இருக்கிற வார்த்த. இங்கிலீஷ்லேர்ந்து வந்தது. கரையான் இல்ல பெரியம்மா."

"எந்தப் பாஷையா இருந்தா என்னடி? ஆத்தாளுக்குத் தமிழ்தானே தெரியும். அவ காதுல எப்படி விழுந்துச்சோ அப்படியே பலிச்சுப்போச்சு."

நான் அன்றாடம் விளக்கேற்றிக் கும்பிடுகிறவள். பெற்ற தாய்க்குப் பிள்ளையின் மழலை புரிகிற மாதிரி எல்லாப் பாஷையும் ஆத்தாளுக்குப் புரியும் என்று நம்புகிறவள். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் பெரியவர்கள் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை.

அப்பாதான் மண்டோரிடம் மெல்ல, "பரீட்சை மட்டும் எழுதிக்கட்டுமே அண்ணே" என்றார்.

"எழுதட்டும், யார் வேணாம்னா? வேற தோட்டத்துல போயி இருந்துக்கிட்டு எழுதட்டும்."

வேலை போனால் லயத்து வீடும் போகும். அப்பா ஒதுங்கிப் பூசாரிக்கு வழிவிட்டார்.

பூசாரி வெற்றிலையில் சூடத்தை வைத்து ஏற்றினார். சத்தியம் செய்கிறவர்கள் உள்ளங்கையால் பட்டென்று அடித்து அணைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுவார்கள், அதனால் பெரிதாகச் சுடாது. அக்கா அடிக்காமல் நின்றுகொண்டே இருந்தாள். அம்மா பின்னாலிருந்து வந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்து, எரிகிற சூடத்தின் மேல் வைத்து அழுத்தினார். "சொல்லுடி. சொல்லு." அக்கா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அம்மா தினமும் பால் வாளி தூக்குகிறவர், அந்தப் பிடி அசையவில்லை. அக்கா வார்த்தை வார்த்தையாகச் சொல்லி முடிக்கும்வரை அம்மா கையை எடுக்கவிடவில்லை. கூட்டத்தில் யாரோ "ஆத்தா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஏன் அந்தச் சத்தியத்தை மீறிப் போய் எழுதவில்லை என்று இப்போதுள்ள பிள்ளைகள் கேட்கிறார்கள். சாமி பயம் இல்லாதவளாக இருந்தால் போயிருப்பாள். அவளுக்கு உண்மையான பக்தி இருந்தது, அதைத்தான் அவர்கள் கழுத்துக் கயிறாகப் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் ராசாத்தி அண்ணிக்கு நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது. மண்டோர் வீட்டு அம்மா கற்கண்டோடு எங்கள் வீடு தேடி வந்து, "பாத்தியா, இவ வாய அடக்குனதும் அங்க வயித்துல புள்ள நின்னுச்சு" என்றார். அம்மா அந்தக் கற்கண்டை வாங்கி அக்காவுக்கும் கொடுத்தார். அக்கா வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, அங்கேயே புந்தோங்கில் வாழ்க்கைப்பட்டு, மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்தாள். அந்தப் பிள்ளைகளின் பாடப் புத்தகத்துக்கு அட்டை போடக்கூட அவள் கை நீண்டதில்லை.

அம்மாவின் கடைசி நாட்களில் அக்காதான் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தாள். சின்ன வயது டாக்டர், தமிழ்ப் பெண், கட்டிலருகே குனிந்து நிதானமாகச் சொன்னார்: "பாட்டி, உங்க உடம்புல ஒரு இடத்துல செல்லுங்க கட்டுக்கடங்காமப் பெருகுது." அம்மா அவரைப் பார்க்கவில்லை. கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த அக்காவின் பக்கம் முகத்தைத் திருப்பி, "இன்னும் விடலியாடி நீ?" என்றார். டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்கா அம்மாவின் வாயோரத்தைத் துடைத்துவிட்டு அடுத்த கரண்டியை நீட்டினாள். அம்மா குடித்தார்.

இன்று நான் ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் மகன் வீட்டில் இருக்கிறேன். எங்கள் தோட்டத்து ரப்பர் மரங்கள் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் அந்த மண்ணில் வீடுகள் நிற்கின்றன. லயமும் பைப்படியும் இருந்த இடத்தை என்னால்கூட அடையாளம் சொல்ல முடியாது. கரையானைச் 'செல்லு' என்று சொல்கிற வாய் ஒன்றுகூட எங்கள் வீட்டில் மிச்சமில்லை, பேரப்பிள்ளைகள் மலாயில் 'அனாய் அனாய்' என்கிறார்கள். உறவுக்காரர்கள் கல்யாணம் காட்சியில் கூடும்போது, "புஷ்பாவுக்குப் படிப்பு ஏறல, பாதியில நிறுத்திட்டா" என்று பேச்சு வருகிறது. அக்கா அவர்கள் இலைக்குப் பாயசம் ஊற்றிக்கொண்டு போகிறாள்.

இதைப் படிப்பவர்கள் நாலு பேருக்குச் சொல்ல வேண்டும், சொல்லும்போது எதையும் இனிப்பாக்கிவிடக் கூடாது. பின்னாளில் அவள் படித்து டீச்சர் ஆனாள் என்று முடிக்கத் தோன்றும், ஆகவில்லை. அம்மா கடைசியில் மன்னிப்புக் கேட்டார் என்று சேர்க்கத் தோன்றும், கேட்கவில்லை. பரீட்சை நாள் காலையில் அக்கா எப்போதும் எழுகிற நேரத்துக்கே எழுந்தாள். குளித்து, விபூதி பூசி, மாரியம்மனைக் கும்பிட்டாள். வலது கையில் சுற்றியிருந்த துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அம்மா நீட்டிய பால் வெட்டும் கத்தியை வாங்கிக்கொண்டு அவர் பின்னால் போனாள். பெரிய ரோட்டில் பஸ் வந்து, நின்று, ஹாரன் அடித்துவிட்டுப் போகிற சத்தம் மரங்களுக்குள் கேட்டது. அக்கா வெட்டிக்கொண்டிருந்த மரத்திலிருந்து கையை எடுக்கவில்லை. நடந்தது அதுதான், அதை அப்படியே சொல்லுங்கள்.