டாக்டர் சொன்னதை மாற்றிச் சொன்னேன்

பதினாறு பதினேழு வருடம் இருக்கும். நான் ஓசூரில் லேத் ஆபரேட்டர். என் மனைவி செல்விக்குப் பித்தநாளத்தில் புற்றுநோய். ஆபரேஷன் செய்யும் கட்டம் தாண்டியிருந்தது.

பெங்களூர் டாக்டர் ஓர் ஆராய்ச்சி சிகிச்சையைப் பற்றிக் கன்னடத்தில் சொன்னார். அவள் ரத்தத்திலிருந்தே அணுக்களை எடுத்து, புற்றோடு சண்டைபோடப் பழக்கி, திரும்ப உடம்பில் ஏற்றுவார்களாம். "இவங்க பிழைக்கறது கஷ்டம். பின்னால வர்றவங்களுக்கு உதவலாம்" என்றார்.

செல்வி என் முகத்தைப் பார்த்தாள். அருப்புக்கோட்டைக்காரிக்குக் கன்னடம் ஏது என்ற தைரியத்தில், "கொணமாயிரும்னு சொல்றாரு" என்றேன். தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா கன்னடத்தில் என்ன நோய் என்று விசாரித்தார். செல்வி தடுமாறாமல் கன்னடத்திலேயே சொன்னாள்: "நான் பிழைக்க மாட்டேம்மா. பின்னால வர்றவங்களுக்கு உதவட்டும்னு ஒத்துக்கிட்டேன்."

நான் அவள் பக்கம் திரும்பினேன். "ஒனக்குக் கன்னடம் தெரியுமா?"

"குழாயடியில பேசிப் பழகுனதுதான். நீங்க என்னைக்குக் கேட்டீக?"

"அப்ப டாக்டர் சொன்னது..."

"பொய் சொல்றப்ப என் மொகத்தப் பாக்க ஒங்களால முடியல. அதான் நம்புன மாதிரி இருந்துட்டேன்."

நாலு மாதத்தில் போய்விட்டாள். அந்தச் சிகிச்சையால் பின்னால் யாராவது பிழைத்தார்களா, தெரியாது. பதினோரு வருடக் குடித்தனத்தில் அவளிடம் வேறு என்னென்ன கேட்காமல் விட்டேனோ, அதுவும் தெரியாது.