மகர் என்றால் ஆனால்

அலையாத்திக் காட்டுச் சேற்றின் அழுகிய முட்டை வாசனை... என் பழைய கேமரா பையை எத்தனை முறை துவைத்தும் போகவில்லை.

மெயின்லேண்டிலிருந்து தீவுக்கு மாற்றலாகி வந்த புதுசு. டெய்ரி ஃபார்ம் என்ற பேட்டையில் வீடு. ஞாயிறானால் அலுவலக நண்பன் செல்வத்தோடு பறவைப் படம் எடுக்கக் கிளம்பிவிடுவேன். தீவிலேயே பிறந்தவன் அவன். அவன் தமிழில் 'ஆனால்' என்ற சொல்லே கிடையாது.

"வரேன் சார், மகர் லேட்டாகும்."

"நல்ல மீன் சார், மகர் முள்ளு ஜாஸ்தி."

இந்தி 'மகர்' என்றால் ஆனால் என்று அவனிடம்தான் கற்றேன்.

அன்று பெரார்கஞ்ச் போகிற வழியில் ஒரு ஓடை. பத்து மீட்டரில், வேர் மேல் ஒரு மீன்கொத்தி. நான் முழங்கால் சேற்றில், செல்வம் பின்னால் கரையில். 600 எம்.எம். லென்ஸ், துளையை முழுசாகத் திறந்து எஃப் 6.3. பறவையின் கண்ணில் வானம்கூடத் தெரிந்தது. கேமராவைத் திருப்பி அவனுக்குக் காட்டினேன்.

"வால் எங்க சார்?"

வால் மங்கலாகக் கரைந்து போயிருந்தது. துளையைச் சுருக்கினால் முன்னும் பின்னும் தெளியும்; எஃப் 16-க்கு மூடி மூன்று படம் எடுத்தேன். அந்தக் காலக் கேமராவில் எவ்வளவு மூடினாலும் வ்யூஃபைண்டரில் அதே கரைசல்தான். வித்தியாசம் படத்தில்தான் வரும்.

இப்போது பறவை இன்னும் பெரிதாக வேண்டும். லென்ஸ் எட்டாவிட்டால் என்ன, கால் இருக்கிறதே. இரண்டடி முன்னால் போனேன்.

"சார்... மகர்..."

காத்திருந்தேன். வாக்கியம் வரவில்லை.

"மகர், என்னய்யா? முடிச்சுச் சொல்லு."

"மகர் சார்! மகர்!"

இன்னோர் அடி வைத்தேன். செல்வம் சேற்றில் இறங்கி வந்து என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான். மல்லாந்து விழுந்தேன். பறவை பறந்துவிட்டது.

"முதலை சார்! இந்தியில முதலையும் மகர்தான்!"

"அது மரக்கட்டை. இவ்வளவு பெரிய லென்ஸ்ல பார்க்கிறவனுக்குத் தெரியாதா?"

பாம்பூஃப்ளாட்டில் ஃபெர்ரி ஏறும்வரை திட்டினேன்.

வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டேன். எஃப் 6.3 படத்தில் பறவைக்குக் கீழே அழகான ஆலிவ் பச்சைக் கரைசல்.

எஃப் 16 படத்தில் அந்தக் கரைசலுக்கு இரண்டு கண்கள். முழுத் தெளிவு இல்லை. எனக்குப் போதுமாக இருந்தது. பார்வை பறவை மேல் இல்லை, லென்ஸை நோக்கி.

அந்தப் படத்துக்குப் பிறகுதான் நான் மூன்றடி முன்னால் போயிருக்கிறேன்.

குனிந்து கால்களை எண்ணினேன். இரண்டு இருந்தன.

6.3 படத்தை இணையத்தில் போட்டேன். "கீழே அந்தப் பச்சை வெண்ணெய் மாதிரி, அபாரம்" என்று எழுதினார்கள். நன்றி சொன்னேன்.

இப்போது கேமரா புதுசு. எவ்வளவு மூடுகிறேனோ, அப்படியே வ்யூஃபைண்டரிலேயே தெரிகிறது. செல்வம் ஓய்வு பெற்று மகனோடு ராமநாதபுரத்தில் இருக்கிறான். நேற்று போனில் தீவுக்குக் கூப்பிட்டேன்.

"வரேன் சார், மகர்..."

காத்திருந்தேன். முழங்கால் வலி, கப்பல் டிக்கெட், பேரன் ஸ்கூல்... எல்லாம் சொன்னான்.

இந்த முறை வெறும் ஆனால்தான். அன்றைக்கு முதலை. அதுவாவது காலரைப் பிடித்து இழுத்ததும் சரியாகிவிட்டது.