மிஸ்ஸியின் மீன்தொட்டியில் ஒரு விரால்

தொண்ணூற்றேழாம் ஆண்டின் நடுப்பகுதி. வவுனியா குருமன்காட்டில், ஒரு வீட்டின் பின்பக்க அறையில் நானும் கணவரும் ஏழு வயது மகளும் குடியிருந்தோம். சொந்த ஊர் அக்கராயன். சண்டையில் இடம்பெயர்ந்து வந்த எங்களை ஒரு பள்ளிக்கூடத்தில் அமைத்திருந்த முகாமில் மூன்று மாதம் வைத்து, இராணுவ விசாரணையெல்லாம் முடிந்த பிறகுதான் நகரத்துக்குள் விட்டார்கள். அதுவும் சும்மா இல்லை. நகரத்தில் சொந்த வீடுள்ள ஒருவர் ‘இவர்கள் என் பொறுப்பு’ என்று கையெழுத்து வைக்க வேண்டும். நகரத்தில் தங்குவதற்கான பாஸை மாதாமாதம் புதுப்பிக்கும்போது மறுபடியும் அதே கையெழுத்து வேண்டும். அது கிடைக்காவிட்டால் திரும்பவும் முகாம்தான்.

எங்களுக்குக் கையெழுத்து வைத்தவர் வீட்டுக்காரி. ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். தனி ஆள், சிரிப்பைக்கூட அளந்துதான் சிரிப்பார். எங்களுக்கு உறவும் இல்லை. தெரிந்த ஒருவர் கேட்டுக்கொண்டதற்காக எங்களை ஏற்றுக்கொண்டவர். அதனால் எனக்கு அவரில் நன்றியை விடப் பயம்தான் கூட. கிணற்றடியில் வாளியை வைத்தால்கூடச் சத்தம் வராமல் வைப்பேன். மகள் உரக்கச் சிரித்தால் ஓடிப்போய் வாயைப் பொத்துவேன்.

மிஸ்ஸிக்கு உயிர் என்றால் ஹோலில் இருந்த கண்ணாடி மீன்தொட்டிதான். கப்பி எட்டு, மொல்லி ஐந்து, வாள்போல வால் நீண்ட சிவப்பு மீன் இரண்டு, ஏஞ்சல் இரண்டு என்று மொத்தம் பதினேழு மீன்கள். எல்லாம் கொழும்பிலிருந்து பொலித்தீன் பையில் தண்ணீரோடு, ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறக்கிக் காட்டிக் காட்டி, மடியில் வைத்துக் கொண்டுவந்தவை. சாப்பாடு போட்டால் கப்பியும் மொல்லியும் மேலே வந்து ‘சப் சப்’ என்று உறிஞ்சும் சத்தம் அடுப்படிக் குசினி வரைக்கும் கேட்கும்.

ஒருநாள் என் மகள் மிஸ்ஸியிடம், ஏன் இன்னும் நிறைய மீன் விடவில்லை என்று கேட்டுவிட்டாள். நான் ஓடிப்போய் அவளைப் பின்னுக்கு இழுத்தேன். மிஸ்ஸி கோபிக்கவில்லை. எந்த மீன் எதோடு ஒத்துப்போகும், எது மற்றதன் துடுப்புச் செட்டையைக் கடிக்கும், எதைத் தனியே வைக்க வேண்டும் என்று ஒரு பாடமே நடத்தினார்.

“ஒரே தண்ணியில நிக்கிறதெண்டா ஒண்டின்ர வாய்க்குள்ள மற்றது போகக்கூடாது. அதைத்தான் முதல் பாக்கோணும்,” என்றார். புதிதாக வருகிற மீனை நேரே உள்ளே விடக்கூடாதாம், இரண்டு கிழமை, அதாவது பதினான்கு நாள், தனிக் கண்ணாடிப் போத்தலில் வைத்துப் பார்க்க வேண்டுமாம். முகாமென்ற போத்தலில் மூன்று மாதம் இருந்து வந்தவள் நான், தலையாட்டினேன்.

அந்த ஆவணியில் மிஸ்ஸி கண் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்குப் போனார். திரும்பி வர மூன்று கிழமையாகும். தொட்டி என் பொறுப்பு. ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை சாப்பாடு போட வேண்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும், வேறொன்றும் செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் பயந்தவள் கை சும்மா இருக்குமா? மீன் பட்டினியில் செத்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு சிட்டிகையை மூன்றாக்கினேன். ஐந்தாம் நாளே தண்ணீர் கலங்கி, கண்ணாடியில் பச்சையாகப் பாசி படர்ந்துவிட்டது. அடியில் மிச்சச் சாப்பாடு சேறாகக் கிடந்தது. அப்போதுதான் எனக்கு எங்கள் ஊர்க் கிணறு ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்தில் கிணற்றுக்குள் ஒரு விரால் விடுவார்கள். புழு பூச்சி, தவளைக்குஞ்சு எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும், தண்ணீர் கண்ணாடியாக இருக்கும். கணவரிடம் சொன்னேன். அவர் வேலை செய்த அரிசி ஆலைக்குப் பக்கத்தில் குளம் இருந்தது. மறுநாளே நடுவிரல் நீளத்தில் ஒரு விரால் குஞ்சைச் சாப்பாட்டுப் பெட்டியில் கொண்டுவந்தார். நம்முடைய குளத்து மீன்தானே, அதற்கென்ன போத்தலும் விசாரணையும் என்று நேரே தொட்டிக்குள் விட்டுவிட்டேன். அது போய்க் கல்லுக்குப் பின்னால் சாதுவாகப் படுத்துக்கொண்டது.

இரண்டு நாள் கழித்து எண்ணிப் பார்த்தால் கப்பி ஐந்துதான் இருந்தது. செத்து மிதக்கவும் இல்லை, வெளியே துள்ளி விழுந்து கிடக்கவும் இல்லை. பூனை என்று நினைத்து மூடியின் மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தேன். அடுத்த காலை மூன்று. அதற்கடுத்த காலை கப்பியே இல்லை. பிறகு மொல்லிகள் குறையத் தொடங்கின. மகள்தான் விளையாட்டாக எடுத்து எங்கேயோ விட்டுவிட்டாள் என்று முடிவுகட்டி, பச்சைப் பிள்ளையை அடித்தும்விட்டேன். அவள் அழுதபடி ‘நானில்லை அம்மா’ என்றதை நான் நம்பவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என் கை கூசுகிறது.

மிஸ்ஸி வருவதற்கு மூன்று நாளிருக்க, ஒரு மத்தியானம் பாசியைத் துடைக்கப் போனேன். கல்லுக்குப் பின்னாலிருந்து விரால் மெல்ல வெளியே வந்தது. அதன் வாயில் சிவப்பாக ஒரு வால் துருத்திக்கொண்டிருந்தது. கையிலிருந்த துணி விழுந்தது தெரியாமல் நின்றேன். எங்கள் ஊர்க் கிணற்றில் விரால் எப்போதும் தனியாகத்தான் இருந்தது. ஏன் தனியாக இருக்கிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

விராலை வாளிக்கு மாற்றினேன். தொட்டியில் மிஞ்சியவை நான்கு. மூலையில் ஒட்டிக்கொண்டு நின்ற இரண்டு ஏஞ்சலும் பெரிய மொல்லி இரண்டும். கணவர் கடைகடையாய் ஏறி இறங்கினார், வவுனியாவில் அப்படி மீன் விற்பவர் யாரும் இல்லை. நோய் வந்து செத்துவிட்டன என்று சொல்லிவிடு என்றார். பாஸ் முடிய இன்னும் ஒரு கிழமைதான். முகாமில் நாங்கள் படுத்திருந்த வகுப்பறையின் சீமெந்துத் தரைதான் கண்ணுக்குள் வந்துகொண்டிருந்தது.

மிஸ்ஸி ஒரு கண்ணில் கட்டோடு வந்து இறங்கினார். மற்றக் கண்ணிலும் புகை படர்ந்திருந்ததால் ஆளையே குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார். பையை வைத்ததும் சுவரைத் தடவித் தடவித் தொட்டியடிக்குப் போய், ஒரு சிட்டிகை சாப்பாடு போட்டார். சற்று நேரம் அங்கேயே நின்றார்.

“எல்லாரும் சுகமோ, பிள்ளை?”

“ஓம் மிஸ்ஸி,” என்றேன். நோய்க் கதை நாக்கில்தான் இருந்தது, அதைச் சொல்லக்கூடத் துணிவு வரவில்லை.

இரண்டாம் நாள் பாஸ் படிவத்தைக் கொண்டுபோனேன். எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டார். அவர் விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்துக் காட்டினேன். கோணல்மாணலாகக் கையெழுத்து வைத்துத் தந்தார். கண் தெரியாத மனிசியை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டேன் என்ற நினைப்பு அப்போதுதான் நெஞ்சில் குத்தியது. பாஸ் புதுப்பித்து வந்தும் நிம்மதி இல்லை. கட்டு அவிழ்க்கும் நாளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

கட்டு அவிழ்ப்பதற்கு முதல் நாள் பின்னேரம். மிஸ்ஸி கதிரையில் சாய்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். இனித் தாங்காது என்று அவர் காலடியில் குந்தியிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று சிட்டிகை, பாசி, விரால், மகளை அடித்தது, கையெழுத்து, ஒன்றையும் விடவில்லை. அறையைக் காலி பண்ணச் சொன்னால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது என்று அழுதேன்.

மிஸ்ஸி கோப்பையைத் தடவிக் கீழே வைத்தார்.

“வந்த அண்டைக்கே தெரியும் பிள்ளை. சாப்பாடு போட்டன், அந்தச் சப் சப் எண்ட சத்தம் கேக்கேல்லை. நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.”

அப்படியென்றால் கையெழுத்து வைத்தபோதும் தெரியுமா என்று கேட்டேன்.

“அப்பவும் தெரியும். மீன் போனதுக்காக ஒரு பிள்ளைக்காரியைத் துரத்துவன் எண்டோ நினைச்சனீங்கள்?” காலடியில் இருந்த என் தோளைத் தடவிப் பிடித்தார். “ஒரு வருசமா ஒரு கூரைக்குள்ள இருக்கிறம். என்னை அவ்வளவுக்குப் பயந்தோ இருந்தனீங்கள்?”

மீன் போனதற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், என் பயத்தைக் கேட்டுக் கண்ணைத் துடைக்கப் போய், கட்டுத்துணியில் கை பட்டு நின்றுவிட்டார். பிறகு என் மகளைக் கூப்பிட்டு மடியில் இருத்தி, அம்மா உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், கேட்கச் சொல் என்றார். கேட்டேன். விராலைக் கணவர் குளத்தில் கொண்டுபோய் விட்டார். அந்த வீட்டில் மேலும் மூன்று வருடம் இருந்தோம். வாளியைச் சத்தமாகவே வைக்கப் பழகினேன்.

இப்போது என் வீட்டின் ஒரு பக்கத்தில் வேறொரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. எதைக் கேட்டாலும் அந்தப் பெண் அவசரமாக ‘ஓம் அக்கா’ என்கிறபோது, எதை மறைக்கிறாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றுவதில்லை. இவளைப் பயப்படுத்தும்படி நான் என்ன செய்தேன் என்றுதான் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.