இடது பிறேக்

ஸ்கூட்டர் விழுந்தது மருதனார்மடச் சந்திக்குக் கொஞ்சம் இப்பால். யாரோ வீடு கட்ட ஏற்றிப்போன மணல் தெருவில் சிந்திக் கிடந்தது. ஒரு நாய் குறுக்கே ஓடியது, நான் பிறேக் பிடித்தேன், முன் சில்லு வழுக்கியது. அவ்வளவுதான். முழங்காலில் தோல் போனது, சீலைக் கரை கிழிந்தது. பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்து தூக்கிவிட்டு, கதிரையில் இருத்தி, ஒரு சோடா உடைத்துத் தந்தார். நான் என் காலைப் பார்க்கவில்லை. ஸ்கூட்டரின் இடது பிறேக் லீவரைத்தான் பார்த்தேன். அதன் நுனி முறிந்துபோய், மிச்சம் உள்பக்கமாக வளைந்து நின்றது. அதைக் கண்ட பிறகுதான் அழுகை வந்தது. காலுக்காக அழுகிறேன் என்று நினைத்து அந்த நல்ல மனிதர் இன்னொரு சோடா உடைத்தார்.

முறிந்த அந்த நுனி என் கணவருடையது.

அவர் முப்பது வருடம் மோட்டார் சைக்கிள் ஓடியவர். சீனி வியாதி கண்ணில் கை வைத்தபோது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் அவருக்கு மிஞ்சின. ஐம்பது வயது தாண்டி நான் ஸ்கூட்டர் பழகியது அதனால்தான். பின்னால் ஏறி இருந்தவர் சும்மா இருந்தாரா? இடக்கையை என் கைக்கு மேலாக நீட்டி, லீவரின் நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொள்வார். உள்பக்கம் எனக்கு, நுனி அவருக்கு. விரல் வழுக்குகிறது என்று பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டு வெட்டி நுனியில் மாட்டியும் விட்டார். கண் தெரியாதவர் பிறேக் பிடிக்க, கண் தெரிந்த நான் ஓடினேன். மானிப்பாயில் எங்களைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை.

தெரு அவருக்கு மனப்பாடம். ஆஞ்சநேயர் கோவில் மணி கேட்டால் கும்பிடுவதற்காக மெல்லப் பிடிப்பார். சந்தை வாசம் வந்தால் இன்னும் கொஞ்சம் பிடிப்பார். ஆனால் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு வளைவு தாண்டியதும், காரணமே இல்லாமல் இறுக்கிப் பிடிப்பார். முன்பு அங்கே ஆமிக்காரரின் சோதனைச் சாவடி இருந்தது. இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, வாகனத்தை உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும். அதை எடுத்துப் பல வருடங்களாகிவிட்டன.

“அங்கை ஒண்டும் இல்லையப்பா,” என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன்.

“எனக்குத் தெரியும். கைக்குத் தெரியேல்லையே,” என்பார்.

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள், நான் வாய்க்கு வந்தபடி அவரைப் பேசுவேன். அவர் போய் ஒன்றரை வருடம். இப்போது அந்த இரண்டு விரலும் ஒரே ஒரு முறை என் கைமேல் வந்து கிடந்தால் போதும் என்று இருக்கிறது.

கராஜ் வைத்திருக்கும் தம்பி நாற்பது தாண்டியவர், என் கணவரின் மோட்டார் சைக்கிளையும் பழுது பார்த்தவர். லீவரை மாற்றத்தான் வேண்டும் என்றார். நிமிர்த்தித் தரச் சொன்னேன். நிமிர்த்தினால் அவசரத்துக்குப் பிடிக்கிற நேரம் பார்த்து முறியும் என்றார். நுனி போனால் போகட்டும், நான் உள்பக்கம்தானே பிடிக்கிறேன் என்று நியாயம் பேசினேன். உள்பக்கம் பிடித்தால் பலம் காணாது, நுனியில்தான் பிடிக்க வேண்டும் என்று அவரும் விடவில்லை. மணலுக்குள் தேடி எடுத்த ரியூப் துண்டு என் கைப்பைக்குள் கிடந்தது. அதை நான் அவருக்குக் காட்டவில்லை. மற்றதுகளையும் கழற்றிப் பாருங்கள், லீவரைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

பின்னேரம் போனபோது இரண்டு சில்லும் கழன்று கிடந்தன. சில்லுக்குள் உரசி நிறுத்தும் பிறேக் சூக்களைச் சாக்கில் பக்கம் பக்கமாக வைத்திருந்தார். முன் சில்லினது இரும்பு தெரியத் தேய்ந்திருந்தது. இடது லீவர் இழுக்கிற பின் சில்லினது தூசியைத் தட்டினால் புதிது. இரண்டையும் ஒரே நாளில் போட்டவர் இந்தத் தம்பிதான், என் கணவர் போவதற்கு முந்திய மாதம்.

“அக்கா, நீங்கள் இடது பிறேக் பிடிக்கிறதே இல்லையோ?”

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. “அது இவர் பிடிக்கிறவர்.”

சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. ஒன்றரை வருடமாக என் இடக்கை லீவரின்மேல் சும்மா கிடந்திருக்கிறது. வலக்கையால் முன் பிறேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு சந்தைக்கும் கோவிலுக்கும் ஓடித் திரிந்திருக்கிறேன். அந்த மணலில்கூட நான் பாதிதான் பிடித்தேன். மிச்சத்தை அவருக்கு விட்டிருந்தேன்.

கராஜ்காரத் தம்பி சிரிக்கவில்லை. கையிலிருந்த சூவை வெகுநேரம் துடைத்தார்.

“அண்ணை இருந்தால் முறிஞ்ச பிறேக்கோடை உங்களை வெளிக்கிட விடுவாரோ அக்கா?”

“விடமாட்டார்,” என்றேன். “மாத்துங்கோ.”

அடுத்த நாள் எடுக்கப் போனபோது புது லீவர் மினுமினுவென்று இருந்தது. ரியூப் துண்டை அதில் மாட்டவில்லை. அது அவருடைய விரலுக்கு வெட்டியது, கைப்பையிலேயே இருக்கட்டும் என்று விட்டேன். திரும்பும் வழியில் அந்த வளைவு வந்தது. முன்னால் தெரு வெறுமையாகக் கிடந்தது. நான் இடக்கையை லீவரின் நுனிக்கு நகர்த்தி இறுக்கிப் பிடித்தேன். ஸ்கூட்டர் கொஞ்சமும் வழுக்காமல் நேராக நின்றது. பின்னால் வந்த ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்து, பக்கத்தில் வந்து மெதுவாக்கினார்.

“முன்னாலை ஒண்டும் இல்லையே அன்ரி, என்னத்துக்குப் பிடிச்சனீங்கள்?”

“எனக்குத் தெரியும்,” என்றேன்.